ஜெயசீலி அக்கா நின்ற இடம்

லைனில் நான் கையைத் தூக்கவில்லை. தூக்காமலே ரத்னம்மா பின்னால் வந்து என் தோளில் கை வைத்தாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

எங்கள் கம்பெனியைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வண்டிகளுக்கான வயர்களைக் கட்டுவது எங்கள் வேலை. ஆள் உயரப் பலகைகள் வரிசையாக நகர்ந்து வரும். ஒவ்வொன்றிலும் நம் பங்கு வயரைப் பிடித்து, வளைத்து, டேப் சுற்றி அனுப்ப வேண்டும். அந்தப் பலகையைத்தான் போர்டு என்போம். நிற்க ஆள் இல்லாமல் ஒரு போர்டும் நம் இடத்தைத் தாண்டிப் போகக் கூடாது. பாத்ரூம் போக வேண்டுமென்றால்கூடக் கையைத் தூக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நமக்குப் பதில் நிற்கும் ரிலீவர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் நகரலாம். போன் எல்லாம் லாக்கரில் இருக்கும். அதனால் வெளியே என்ன நடந்தாலும் அது எங்களுக்கு இப்படித்தான் வந்து சேரும்.

"அக்கா ஓக்பிட்டரு, சாந்தி," என்றாள் ரத்னம்மா. பதறினால் அவளுக்குக் கன்னடம்தான் முதலில் வரும். பிறகு தமிழில் சொன்னாள். "அக்கா போயிட்டாங்க. தாசண்ணன் ஆபீசுக்குப் போன் பண்ணிக்கிறாரு. நான் நிக்கிறன். நீ போ."

என் கை அதுபாட்டுக்கு டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தது. என் விரல்களிலிருந்து அதை அவள் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது.

நினைவுக் கூட்டத்தில் வாசிப்பதற்கு ஒரு சாட்சி எழுதித் தரும்படி பாஸ்டர் என்னைக் கேட்டார். ஜெயசீலி அக்கா எத்தனை பேரை விசுவாசத்தில் நிலைநிறுத்தினார் என்று எழுதுங்கள் சிஸ்டர் என்றார். சாட்சி என்றால் ஆண்டவர் நமக்குச் செய்ததை எல்லார் முன்னாலும் சொல்வது; முடிவில் ஜெயம் இருக்க வேண்டும். என்னிடம் அது இல்லை. இருப்பதை எழுதுகிறேன். வாசிக்க மனம் வரவில்லை என்றால் பாஸ்டர் மடித்துப் பையில் வைத்துக்கொள்ளட்டும், எனக்கு வருத்தமில்லை.

அக்காவை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். சபையில் மூன்றாவது வரிசையில், ஃபேனுக்கு நேர் கீழே உட்காருவார். எந்தப் பாட்டையும் ஒரு வரி முன்னாலேயே பாடிக்கொண்டு போவார்; கீபோர்டு அவரைத் துரத்திக்கொண்டு பின்னால் ஓடும். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். தாசண்ணனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஓசூருக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அவருடைய பேச்சு மட்டும் ஊரைவிட்டு வரவே இல்லை. என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். லைனில் எல்லாரும் அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன்.

பர்கூரிலிருந்து வந்து நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்கு எதுவும் ஓடவில்லை. போர்டு வருகிறது, நான் ஒரு வயரைப் பிடிப்பதற்குள் அது போகிறது. அடுத்த இடத்துக்காரி என்னைத் தெலுங்கில் திட்டுகிறாள். திட்டு என்பது மட்டும் எந்தப் பாஷையிலும் புரிந்துவிடுகிறது. கண்ணில் தண்ணீர் கட்டி வயரின் நிறம்கூடத் தெரியவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் தோளில் விழுந்தது. அக்காதான் அன்று ரிலீவர்.

"ஏட்டி, கை வரலன்னு என்னத்துக்கு அழுத?" என்றார். "மொதல்ல நில்லு. நிக்கிறதுதான் வேல. கை பொறவு வரும்."

என் பங்கையும் தானே கட்டினார், என்னை நகரவும் விடவில்லை. பக்கத்திலேயே நிறுத்தி வைத்துக்கொண்டார். மாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, நானும் கிறிஸ்தவள்தான் என்று தெரிந்ததும், ஞாயிற்றுக்கிழமை வா என்றார். ஹார்டுவேர் கடைக்கு மேல் தகரக் கூரை போட்ட நம் சபைக்கு நான் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

அடுத்ததாக நான் சொல்ல வேண்டியது என் வீட்டுக்காரரின் கையைப் பற்றி. அவர் ஒரு சின்னப் பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் மெஷின் வலது கையில் இறங்கிவிட்டது. கட்டை விரலும் பக்கத்து விரலும் தப்பின, மற்றவை போய்விட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் சபையிலிருந்து நிறையப் பேர் வந்தீர்கள். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் வந்தவர்கள் ஆளுக்கொரு வசனம் சொன்னீர்கள். இதிலும் ஒரு நோக்கம் உண்டு என்றீர்கள். அவர் ஒருநாள் கேட்டேவிட்டார், "எம் விரல்ல என்னாங்க நோக்கம்?" வந்திருந்தவர் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

அக்கா கருவாட்டுக் குழம்போடு வந்தார். வாசனை மாடிவரை போய், வீட்டு ஓனரம்மா எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்ததையும் பொருட்படுத்தாமல், இவருக்குச் சோற்றைப் பிசைந்து வைத்து ஸ்பூனை இடது கையில் கொடுத்தார். "இந்தக் கையிக்கும் பசிக்கும்லா, தின்னுங்க தம்பி," என்றார். வசனம் எதுவும் சொல்லவில்லை. நானாகத்தான் பேச்சை எடுத்தேன்.

"ஜெபம் பண்ண முடியலக்கா. கண்ண மூடுனா மெஷின்தான் தெரியுது."

"முடியலன்னா விடு."

"விட்டுட்டா தப்பில்லையா?"

"நீ பாத்ரூம் போவேல்லா, அப்ப நான் வந்து நிக்கேன்லா? போர்டு நிக்குதா? இல்லல்லா. அது மாரிதான். இன்னைக்கு ஒனக்கும் சேத்து நான் நம்பிக்கிடுதேன். நீ போயி ஒறங்கு."

நான் தூங்கினேன். விபத்து நடந்த பிறகு முதல் தடவையாக நன்றாகத் தூங்கினேன். இதை எந்தப் பிரசங்கத்திலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒருவருக்காக இன்னொருவர் நம்ப முடியும் என்பது வேதத்துக்கு ஒத்து வருமா என்றும் எனக்குத் தெரியாது. பாஸ்டர் சொன்னால் தெரிந்துகொள்கிறேன்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் அவர் கேட்பது ஒன்றே ஒன்று. "ஏட்டி, இன்னைக்கு யாரு நிக்கா?" நான் "நீங்கக்கா" என்பேன். "சரி" என்பார். அதற்கு மேல் உபதேசம் கிடையாது, பெருமூச்சு கிடையாது. நேற்றுக் குழம்பு பற்றியும் சூப்பர்வைசரின் புது மீசை பற்றியும் பேசிக்கொண்டு போவோம். மாதக்கணக்கில் இப்படியே போயிற்று. ஒருநாள் காலை மழை பெய்துகொண்டிருந்தது. என்ன நினைத்தேனோ, "இன்னைக்கு நான் நின்னுக்கறன்க்கா," என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் தோளில் தலையைச் சாய்த்து, கம்பெனி கேட் வரும்வரை வாயைத் திறந்து தூங்கினார். அவருக்கும் களைப்பு உண்டு என்பது அன்றுதான் என் புத்திக்கு எட்டியது.

ராயக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டு ஜெபத்துக்கு வேனில் போனோமே, அது உங்களில் பாதிப் பேருக்கு நினைவிருக்கும். சானமாவு காட்டருகே ஃபாரஸ்ட்காரர்கள் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். யானைக் கூட்டம் ரோட்டைத் தாண்டுகிறது, யாரும் இறங்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள் என்றார்கள். வேனுக்குள் மூச்சுச் சத்தம் மட்டும்தான். பின் சீட்டிலிருந்து ஒருவர், விசுவாசம் இருந்தால் பயம் வராது என்று போன வாரம் பாஸ்டர் சொன்னாரே என்று மெதுவாக ஆரம்பித்தார். அவர் பல் தந்தியடித்தது எல்லாருக்கும் கேட்டது. அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "எனக்குப் பயமாத்தான் இருக்கு. பயந்துக்கிட்டே ஜெபிப்போம். பயமே இல்லாதவனுக்கு ஜெபம் என்னத்துக்கு? மொதல்ல அந்த ஜன்னல அடைங்க." வேனே குலுங்குகிற மாதிரி எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். யானைகள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயின.

ரத்னம்மாவின் அம்மா இறந்தபோது நாட்றாம்பாளையத்துக்கு அவளோடு போனதும் அக்காதான். அவள் வீட்டில் அவள் மட்டும்தான் கிறிஸ்தவள். அம்மாவின் காரியத்தில் கலந்துகொண்டால் விசுவாசத்தை மறுதலித்ததாகிவிடுமோ என்று அவளுக்கு ஒரே நடுக்கம். போகவில்லை என்றால் பெற்ற தாய்க்குத் துரோகம். சபையில் ஒருவர் ஒன்று சொன்னார், இன்னொருவர் வேறொன்று சொன்னார். அஞ்செட்டியிலிருந்து மலைப்பாதையில் இருவரும் பஸ்ஸில் போனார்களாம். ஊருக்குள் நுழையும்போது அக்கா, "ஒங்கம்மா தலையப் பிடிச்சிக்கிட்டு நல்லா அழு. அழுததுக்காவ ஆண்டவரு யாரையும் தள்ளுனதில்ல. மத்தத நான் பாத்துக்கிடுதேன்," என்றிருக்கிறார். கேள்வி கேட்ட உறவுக்காரர்களுக்கெல்லாம் தூத்துக்குடித் தமிழில் அக்கா பதில் சொல்ல, அவர்கள் கன்னடத்தில் திருப்பிக் கேட்க, இரண்டு பக்கமும் புரியாமலே சண்டை ஓய்ந்துபோனதாம். ரத்னம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பாள், உடனே அழுவாள்.

இனி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம்.

அக்காவின் வயிற்றில் கட்டி வந்ததும், பெங்களூரில் ஆபரேஷன் நடந்ததும், மருந்து ஏற்றி முடி கொட்டியதும் உங்களுக்குத் தெரியும். சபை முழுவதும் உபவாசம் இருந்தோம். பிறகு எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தது. ஸ்தோத்திர ஆராதனை வைத்தோம், பிரியாணி போட்டோம். அக்கா தலையில் துணி கட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்து, "ஆண்டவரு எனக்குச் சொகம் தந்தாரு," என்றபோது தகரக் கூரை அதிர்ந்தது. ரத்னம்மாவின் புருஷன் மாதப்பா அன்றுதான் முதல் தடவையாகப் படியேறி வந்திருந்தார், அதுவும் பிரியாணிக்காக. அக்காவின் சாட்சியைக் கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். சில மாதங்களில் ஞானஸ்நானம் எடுத்தார். ரத்னம்மா எத்தனை வருஷம் அழுது கேட்டது அது!

அதற்கடுத்த பரிசோதனைக்கு நான் துணைக்குப் போனேன். தாசண்ணனுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. டாக்டர் கன்னடத்தில் பாதியும் இங்கிலீஷில் பாதியுமாகச் சொன்னார். கட்டி திரும்ப வந்திருக்கிறது. ஈரலுக்கும் போய்விட்டது. வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். திரும்பும் பஸ் அத்திப்பள்ளியைத் தாண்டியது.

"வீட்ல அவருகிட்ட நான் சொல்லுதேன்," என்றார் அக்கா. "சபையில நீ சொல்லாத."

"ஏன்க்கா? எல்லாரும் ஜெபிப்பாங்க இல்ல?"

"ஜெபிப்பாவ. ஆனா மாதப்பா இப்பத்தான் வந்திருக்கான். என்னயப் பாத்து நம்புனவிய நெறய பேரு இருக்காவல்லா. நான் விழுந்தா அவிய எம்மேலயே விழுவாவ."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. டாக்டர்மேலா, மாதப்பாமேலா, மேலே இருக்கிறவர்மேலா. ஜன்னலுக்கு வெளியே லாரிகள் வரிசையாக நின்றன. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், "ஏட்டி, இன்னைக்கு யாரு நிக்கா?" நான் லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவரும் மறுபடி கேட்கவில்லை.

அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. பாஸ்டர் பிரசங்கத்தின் நடுவில் "நம்ம ஜெயசீலி சிஸ்டரைப் பாருங்க" என்பார். எல்லாரும் பார்ப்பீர்கள். வியாதிக்காரர்களை அழைத்துவந்து, இவர்கள் தலையில் கைவைத்து ஜெபியுங்கள் சிஸ்டர் என்பீர்கள். அக்கா ஒரு கையால் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அவர்கள் தலையில் வைப்பார். பிடித்த கை வெளுத்துப்போவது பின் வரிசையிலிருந்த எனக்குத் தெரியும். கூட்டம் முடிந்து இறங்கும்போது பாதிப் படியில் நின்று செருப்பைச் சரி செய்வார். செருப்பில் ஒன்றும் இருக்காது. நான் பக்கத்தில் நின்றுகொண்டு, யாரும் இடித்துவிடாமல் பார்த்துக்கொள்வேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

"சொல்லிடுங்கக்கா. உங்களுக்கும் யாராவது வேணும் இல்ல," என்று ஒருநாள் அந்தப் படியிலேயே கெஞ்சினேன்.

"சொல்லணும்னுதான் பாக்கேன். ஒவ்வொரு வாரமும் ஒரு புது ஆளு வந்து என் கையப் பிடிச்சிக்கிட்டு, ஒங்களாலதாம்மா நம்பிக்க வந்துதுங்காவ. எப்படிட்டி சொல்ல?"

கடைசியில் அவரே சொன்னார். சாட்சி நேரத்தில் யாரும் கூப்பிடாமலே எழுந்து முன்னால் போனார். பாஸ்டர் சிரித்த முகத்தோடு மைக்கைக் கொடுத்தார். அன்று அவர் பேசியதை என்னால் மறக்க முடியாது.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்யில்ல. அன்னைக்கு அது உண்ம. இப்ப வியாதி திரும்ப வந்திட்டு. டாக்டரு இனி ஒண்ணும் இல்லன்னுட்டாரு. என்னயப் பாத்து நம்புனவிய யாராவது இருந்தா, என்னய விட்ருங்க, அவர மட்டும் பிடிச்சிக்கிடுங்க. எனக்கு இப்ப நம்ப முடியல. பெலன் இல்ல. எனக்காவ நீங்க யாராவது நில்லுங்க. நான் செத்த நேரம் உக்காரணும்."

பிறகு யாரோ ஒருவர் பிசாசைக் கடிந்துகொண்டு ஜெபிக்க ஆரம்பித்தார். அடுத்த நிமிஷம் எல்லாரும் எழுந்து அக்காவைச் சூழ்ந்துகொண்டீர்கள். தலையில் கை, முதுகில் கை, தோளில் கை. அவநம்பிக்கையாகப் பேசாதீர்கள் அக்கா என்று அழுதீர்கள். பயந்துகிட்டே ஜெபிப்போம்னு நீங்கதானேக்கா சொன்னீங்க என்றார் ஒருவர். நிக்கிறதுதான் வேலன்னு எனக்குச் சொன்னீங்களே, நீங்க தளரலாமா என்றார் இன்னொருவர். அவர் உங்களுக்குக் கொடுத்ததையெல்லாம் வாரி வாரி அவர்மேலேயே கொட்டினீர்கள். உட்கார வேண்டும் என்று அவர் கேட்டது மட்டும் யார் காதிலும் விழவில்லை. நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழையப் பார்த்தேன். முடியவில்லை. ஜெபம் முடியும்வரை நாற்காலியோடு வெளியேதான் நின்றேன். அவரும் அதுவரை நின்றுகொண்டே இருந்தார்.

உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அப்படி அழுது ஜெபித்ததும் அன்பினால்தான். அன்று வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் எனக்கும் தெரியாது. அவரைத் தேற்றுவதற்கு அவரிடமிருந்து கற்றதைத் தவிர நம்மில் ஒருவரிடமும் சொந்தமாக ஒன்றும் இல்லை.

மாதப்பா அந்த ஜெபத்தின் நடுவிலேயே படியிறங்கிப் போய்விட்டார். ரத்னம்மா அவருக்குப் பின்னால் ஓடினாள். "அப்ப அன்னிக்கி அந்தம்மா சொன்னது என்னா?" என்று அவர் ரோட்டில் நின்று கேட்டாராம். அவர் அதன் பிறகு சபைக்கு வரவில்லை. அக்கா எதற்குப் பயந்தாரோ அது அப்படியே நடந்தது. அவருக்கு இது தெரியாமல் இருக்கட்டும் என்று நாங்கள் மறைத்துப் பார்த்தோம். மூன்றாவது வரிசையில் உட்காருகிறவருக்கு யார் வரவில்லை என்பது தெரியாதா?

கடைசி நாட்களில் அவர் படுக்கையை ஜன்னல் பக்கம் போட்டிருந்தார்கள். அன்று எனக்கு இரண்டாம் ஷிப்ட். பஸ்ஸுக்கு முன்னால் ஒரு நடை எட்டிப் பார்க்கலாம் என்று மத்தியானம் போனேன். தாசண்ணன் கஞ்சியை ஆற்றிக்கொண்டு சமையலறையில் இருந்தார். அக்கா கண்ணை மூடியிருந்தார். நான் சுவரோரம் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் போர்வைக்குள்ளிருந்து அவர் கை மெதுவாக மேலே எழுந்தது. தண்ணீருக்காகவும் இல்லை, கூப்பிடுவதற்காகவும் இல்லை. லைனில் தூக்குவோமே, அதே மாதிரி.

என் கால்கள் பழக்கத்தில் தாமாகவே எழுந்தன. தலைமாட்டுக்குப் போய் அவர் தோளில் கை வைத்தேன். தோளில் எலும்புதான் இருந்தது. அவர் காத்திருந்தார். நான் சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். எத்தனை தடவை அவர் வாயால் கேட்ட வார்த்தை. நான் நிக்கிறன், நீங்க போங்க. அவ்வளவுதான். என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. சொன்னால் நிஜமாகவே போய்விடுவாரோ என்று பயம் ஒரு பக்கம். அவருக்காக நம்ப என்னிடம் என்ன இருக்கிறது என்பது இன்னொரு பக்கம். என் நம்பிக்கையே அவரிடம் கடன் வாங்கியது.

அக்கா கண்ணைத் திறக்காமலே கேட்டார். "கை வரலியாட்டி?"

"வர்லக்கா."

உதட்டோரத்தில் சிரிக்கிற மாதிரி ஒன்று வந்தது. "சரி. நில்லு," என்றார்.

நின்றேன். தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. தாசண்ணன் வெளியே வந்து, "நேரமாச்சு, நீ கெளம்பும்மா, நான் இருக்கேன்," என்றார். போனேன். அன்று டீக்கு விடுவதற்கு முன்னால்தான் ரத்னம்மா பின்னால் வந்து என் தோளைத் தொட்டாள்.

அடக்கத்துக்கு மாதப்பா வந்திருந்தார். கூட்டத்தோடு சேராமல் கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஓரமாக நின்றார். எல்லாரும் மண் போட்டுவிட்டுக் கலைந்த பிறகும், குழி மூடி முடியும்வரை அங்கேயே இருந்தார். நான் கிளம்பும்போது கிட்டே வந்தார்.

"அந்தம்மா கடசியா என்னா சொன்னாங்க?"

ஜெயமான ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் ஒருவேளை அவர் திரும்பி வந்திருப்பார். என்னிடம் அப்படி ஒன்று இல்லை. "நில்லுன்னாங்க," என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். இன்னும் சபைக்கு வரவில்லை. ரத்னம்மா அவரை வற்புறுத்துவதில்லை.

பஸ்ஸில் அக்காவின் சீட்டில் இப்போது ஒரு புதுப் பெண் உட்காருகிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். ரத்னம்மாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகிறோம். இன்னைக்கு யாரு நிக்கா என்று கேட்க இரண்டு பேருக்கும் வாய் வருவதில்லை. கேட்டால் நீ என்று அவள் என்னைச் சொல்வாள், நான் அவளைச் சொல்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தாசண்ணன் சபைக்கு வந்தார். அக்கா உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். பாட்டு ஆரம்பித்தது. ஒரு வரி முன்னால் ஓடும் குரல் இல்லாமல் பாட்டு அதன் அளவிலேயே போயிற்று. அவர் உதடு திறந்தது, சத்தம் வரவில்லை. நின்றுகொண்டே இருந்தார், உட்காரத் தோன்றவில்லை. நான் பின் வரிசையிலிருந்து போய் அவர் தோளில் கை வைத்தேன்.

"நான் நிக்கிறன்ண்ணா. நீங்க உக்காருங்க."

அவர் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அக்காவிடம் சொல்ல முடியாமல் போனதை அவரிடம் சொல்லிவிட்டேன். அதனால் எனக்கு விசுவாசம் பெருகிவிட்டது என்று யாரும் எழுதிக்கொள்ள வேண்டாம். அக்காவை ஆண்டவர் ஏன் எடுத்துக்கொண்டார் என்ற கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை, கிடைக்கும் என்ற எண்ணமும் இல்லை. கண்ணை மூடினால் அந்த ஜன்னலும் மேலெழுந்த கையும்தான் தெரிகின்றன. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றுதான். மூன்றாவது வரிசையில், ஃபேனுக்கு நேர் கீழே, அந்த இடம்.

கை இன்னும் வரவில்லை அக்கா. நின்றுகொண்டிருக்கிறேன்.